ஆறு கடந்த குடிகள் – 9: காணாமல் போன காகிதம்

இதுவரை: கரோலினா, ஜார்ஜியா பண்ணைகளிலிருந்து தப்பி, ஸ்பானியர் ஆண்ட ஃபுளோரிடாவுக்கு ஓடிவந்த கறுப்பின அடிமைகள் செமினோல் பழங்குடியினரிடம் அடைக்கலம் புகுந்து, ‘கறுப்பு செமினோல்கள்’ ஆனார்கள். தனி ஊர் அமைத்துப் பயிர் செய்தார்கள். விளைச்சலில் ஒரு பங்கைச் செமினோல் தலைவர்களுக்கு அளந்தார்கள். ஃபுளோரிடா அமெரிக்காவின் கைக்கு வந்தபின் மூண்ட போரில் இரு தரப்பினரும் தோளோடு தோள் நின்று போராடினார்கள். தோற்று, மேற்கே அனுப்பப்பட்டார்கள். சரணடைந்தால் விடுதலை என்று ஜெனரல் ஜெசப் கொடுத்த வாக்கை 1848-ல் அட்டர்னி ஜெனரலின் கருத்துரை ஒன்று செல்லாததாக்கியது. அவர்களுடைய தலைவர் ஜான் ஹார்ஸ் தன் மக்களைத் திரட்டிக்கொண்டு டெக்சாஸைக் கடந்து, 1850 ஜூலையில் ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டினார். மெக்சிகோ அவர்களுக்கு நிலம் கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் எல்லையைக் காக்க வேண்டும்.

இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது அமெரிக்காவிலிருந்தே அழைப்பு வருகிறது.

*

1870-ன் வசந்த காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் கேப்டன் ஃபிராங்க் பெர்ரி, டங்கன் கோட்டையிலிருந்து ஆற்றைக் கடந்து கோவாய்லா மாநிலத்துக்குள் வந்தார். அவர் தேடிவந்த ஊர் நாசிமியெந்தோ. சபினாஸ் ஆறு பிறக்கும் இடம். மலையடிவாரம், வற்றாத நீர், வாய்க்கால் வெட்டிய வயல்கள்.

ஆனால் ஊர் பழைய ஊராக இல்லை. 1859-லேயே மெக்சிகோ அரசு இவர்களில் பெரும்பாலோரைத் தெற்கே பார்ராஸ் பக்கத்துக்குக் குடிபெயர்த்திருந்தது. டெக்சாஸிலிருந்து அடிமை பிடிக்க வருவோரின் கைக்கு எட்டாமல் வைப்பது ஒரு காரணம். அங்கேயும் அப்பாச்சேக்களை எதிர்த்து நிற்க ஆள் தேவைப்பட்டது என்பது இன்னொன்று. ஜான் ஹார்ஸ் அந்தக் கூட்டத்தோடு போயிருந்தார். எலைஜா டேனியல் தலைமையில் ஒரு பிரிவு வேறு இடத்தில் வாழ்ந்தது. நாசிமியெந்தோவில் இருந்தவர்களுக்குத் தலைவர் ஜான் கிப்பெட்ஸ். ஜான் ஹார்ஸுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர், நிதானமானவர், பேச்சுவார்த்தை தெரிந்தவர்.

பெர்ரி எதற்கு வந்தார்?

டெக்சாஸின் மேற்கு எல்லையில் ராணுவம் திணறிக்கொண்டிருந்தது. கொமாஞ்சே, அப்பாச்சே கூட்டங்கள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனால், துரத்திப் போகும் படைக்குத் தடமும் தெரியாது, தண்ணீர் இருக்கும் இடமும் தெரியாது. கிழக்கிலிருந்து வந்த சிப்பாய்களுக்கு அந்த வறண்ட காடு புரிபடவே இல்லை. கறுப்பு செமினோல்களோ இருபது ஆண்டுகளாக அதே நிலத்தில் அதே எதிரிகளைத் துரத்தியவர்கள். வாரக்கணக்கில் ஆறிப்போன தடத்தையும் விடாமல் பிடித்துப் போவார்கள். எல்லையில் எவரோடும் பேச உதவும் ஸ்பானிய மொழியும் அவர்களுக்குத் தெரியும்.

கிப்பெட்ஸ் தரப்பிலும் போக விரும்பக் காரணங்கள் இருந்தன. அடிமைமுறை 1865-ல் ஒழிந்துவிட்டது. இனி ஆற்றுக்கு அந்தப்புறம் கால் வைத்தால் விலங்கு பூட்ட யாருக்கும் சட்டப்படி உரிமை இல்லை. வடக்கே ‘இந்தியர் பிரதேசம்’ எனப்பட்ட இன்றைய ஓக்லஹோமாவில் அவர்களுடைய உறவினர்கள் இருந்தார்கள். பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பிந்தைய மெக்சிகோவிலோ எதுவும் நிலையாக இல்லை.

பேசினார்கள். உடன்பாடு ஏற்பட்டது.

1870 ஜூலை 4. அமெரிக்காவின் விடுதலை நாள். கிப்பெட்ஸும் அவருடைய மக்களும் வண்டி, கால்நடை, பிள்ளைகுட்டிகளோடு ரியோ கிராண்டேயைக் கடந்து டங்கன் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். நாளைத் தேர்ந்தெடுத்தது யார் என்று தெரியாது. தேர்ந்தெடுத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 16 அன்று மேஜர் ஜீனஸ் பிளிஸ் முதல் தொகுதி ஆட்களைப் படையில் பதிந்தார். பதவியின் பெயர் ‘சாரணர்’. சம்பளம் குதிரைப்படைச் சிப்பாய்க்கு உரிய அதே மாதம் 13 டாலர். கிப்பெட்ஸ் சார்ஜென்ட் ஆனார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் டேனியலின் ஆட்களும் ஜான் ஹார்ஸின் ஆட்களும் ஒவ்வொரு கூட்டமாக வந்து சேர்ந்தார்கள்.

*

அந்த உடன்பாட்டில் என்னதான் இருந்தது?

கறுப்பு செமினோல்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது இது: பயணச் செலவை அரசு ஏற்கும். குடும்பங்களுக்கு உணவு கொடுக்கும். ஆண்கள் படையில் உழைப்பார்கள். அதற்கு ஈடாக, பயிர் செய்ய நிலம் கிடைக்கும். அவர்கள் அதைக் கடைசிவரை ‘ஒப்பந்தம்’ என்றே அழைத்தார்கள். எழுதிய காகிதம் ஒன்று இருந்தது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் காகிதம் இன்றுவரை கிடைக்கவில்லை. ராணுவ ஆவணக் கட்டுகளிலும் இல்லை, குடும்பங்களின் பெட்டிகளிலும் இல்லை.

‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று ஒரே வரியில் கடந்துபோக இந்த இடத்தில்தான் மனம் துடிக்கும். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பெர்ரியும் பிளிஸும் பொய் சொல்லி அழைத்து வந்தார்கள் என்று காட்ட எதுவும் இல்லை. பிற்பாடு இந்த மக்களுக்காக மேலிடத்துக்கு ஓயாமல் எழுதியவர்களில் பிளிஸும் ஒருவர். கோளாறு மனிதர்களின் எண்ணத்தில் இருந்ததைவிட, டெக்சாஸ் அமெரிக்காவோடு இணைந்த விதத்தில்தான் அதிகம் இருந்தது. அதைக் கொஞ்சம் நின்று பார்த்துவிடலாம்.

டெக்சாஸ் ஒரு காலத்தில் தனிக் குடியரசு. 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது தன் புறம்போக்கு நிலங்களையெல்லாம் தானே வைத்துக்கொண்டது. மற்ற மேற்கு மாநிலங்களில் காலி நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். அங்கே 1862-ன் குடியேற்றச் சட்டப்படி ஒருவர் விண்ணப்பம் போட்டு 160 ஏக்கர் வாங்கலாம். டெக்சாஸில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வாஷிங்டன் அரசுக்கு அந்த மாநிலத்தில் பிரித்துக் கொடுக்க ஒரு துண்டு நிலம்கூடக் கிடையாது.

இன்னொன்றைக் கேளுங்கள். 1872-லிருந்து இவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம் கிளார்க் கோட்டை. அந்தக் கோட்டை நின்ற நிலமே ராணுவத்துக்குச் சொந்தமில்லை. சாமுவேல் மேவரிக் என்ற நிலக்கிழாரிடம் 1852-ல் எடுத்த குத்தகை அது. 1880-களில்தான் ராணுவம் அதை விலைகொடுத்து வாங்கியது.

நிலம் தருகிறேன் என்றவர் குத்தகைக்காரர்! வாக்கு வாங்கியவர்களுக்கு அது தெரியாது. கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு பேசிய அதிகாரிகளை நான் குற்றம் சொல்வது இந்த ஒரு விஷயத்தில்தான்.

*

ஆனால் ஓடை இருந்தது.

லாஸ் மோராஸ். கிளார்க் கோட்டைக்குள்ளேயே ஊறும் பெரிய ஊற்றிலிருந்து கிளம்பி, பிராக்கெட்வில் என்ற சிறு ஊரை ஒட்டி ஓடும் நீரோடை. சுற்றிலும் முட்புதரும் சுண்ணாம்புப் பாறையும். ஓடைக்கரை மட்டும் பச்சை. கறுப்பு செமினோல்கள் வந்ததும் முதலில் பார்த்தது நீரைத்தான். பிறகு மண்ணை.

வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பினார்கள். மக்காச்சோளம், பீன்ஸ், சர்க்கரைவள்ளி, பூசணி, முலாம்பழம் என்று விதைத்தார்கள். கம்புகளை நெருக்கமாக நட்டு, இடைவெளியில் மண் பூசி, மேலே புல் வேய்ந்து வீடு கட்டினார்கள். மரத்தடியைக் குடைந்து செய்த உரலில் பெண்கள் உலக்கை போட்டு மக்காச்சோளம் இடித்தார்கள். அதில் ‘சாஃப்கி’ என்ற கஞ்சி காய்ச்சுவார்கள். அது செமினோல்களிடமிருந்து வந்த உணவு. அடுப்படியில் அவர்கள் பேசிய கிரியோல் மொழியோ கரோலினா, ஜார்ஜியா கடற்கரைகளின் குல்லா மொழிக்கு நெருங்கிய சொந்தம். ஸ்பானிய மொழி சந்தைக்கு, ஆங்கிலம் அதிகாரிக்கு.

வயல்வேலையில் பெரும்பங்கு பெண்கள், முதியவர்கள், சிறுவர்கள் தலையில் விழுந்தது. படையில் பதிந்த ஆண்கள் ஐம்பது பேருக்கு மேல் எப்போதும் இருந்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் திடமான ஆண்களெல்லாம் அதில்தான் இருந்தார்கள். ஒரு துரத்தலுக்குப் போனால் வாரங்கள், சிலசமயம் மாதங்கள்.

*

1873-ல் இவர்களுக்குத் தளபதியாக வந்தவர் லெப்டினன்ட் ஜான் லாப்ஹம் புல்லிஸ். நியூயார்க்கில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். குள்ளமான, மெலிந்த, வெயிலில் சிவந்த மனிதர். சாரணர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டார், அவர்கள் படுத்த தரையில் படுத்தார். எட்டு ஆண்டுகளில் 26 படையெடுப்புகள். அந்த எட்டு ஆண்டுகளில் அவருக்குக் கீழ் ஒரு சாரணர்கூடப் போரில் சாகவில்லை.

இதில் கசப்பான பகுதியும் உண்டு. 1873 மே மாதம் கர்னல் மெக்கென்ஸி சட்டத்தை மீறி மெக்சிகோவுக்குள் புகுந்து, ரெமோலினோ என்ற இடத்தில் இருந்த கிக்கபூ, லிப்பான் பழங்குடியினரின் குடியிருப்புகளைத் தாக்கினார். வழிகாட்டியவர்கள் கறுப்பு செமினோல் சாரணர்கள். கிக்கபூக்களில் ஒரு பகுதியினர், இவர்கள் தஞ்சம் தேடி மெக்சிகோவுக்கு வந்த அதே காலத்தில் உடன் வந்தவர்கள். அன்று கிக்கபூ ஆண்களில் பெரும்பாலோர் ஊரில் இல்லை. பிடித்துக் கொண்டுவரப்பட்ட நாற்பது பேர் பெண்களும் குழந்தைகளும்தான். தங்களுக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பதற்காக, நிலம் இழந்துகொண்டிருந்த இன்னொரு கூட்டத்தின் மேல் இவர்கள் ஏவப்பட்டார்கள். சாரணர்களைப் புகழும் எழுத்துகள் பலவும் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகின்றன.

1875 ஏப்ரல் 25-ஐ மட்டும் அவை தாண்டுவதில்லை. நாமும் தாண்ட வேண்டாம்.

அன்று புல்லிஸோடு மூன்றே பேர். சார்ஜென்ட் ஜான் வார்டு, கொம்பு ஊதும் ஐசக் பெய்ன், சிப்பாய் பாம்ப்பே ஃபேக்டர். திருட்டுப்போன எழுபத்தைந்து குதிரைகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு பெக்கோஸ் ஆற்றங்கரை வரை வந்துவிட்டார்கள். எதிரே குதிரைகளை ஆற்றின் மறுகரைக்கு ஓட்டத் தயாராகும் கூட்டம். இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தார்கள். கையில் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள்.

நால்வரும் குதிரைகளைப் பின்னால் கட்டிவிட்டு, தவழ்ந்து போய்ச் சுட்டார்கள். முக்கால் மணி நேரம். எதிர்த் தரப்புக்கு முதலில் வந்தவர்களின் எண்ணிக்கை தெரியவில்லை. தெரிந்ததும் வளைத்துக்கொண்டு, குதிரைகள் நின்ற இடத்துக்குப் போகும் வழியை அடைக்கப் பார்த்தார்கள்.

ஓடினார்கள். மூன்று சாரணர்களும் குதிரை ஏறிவிட்டார்கள். சரியாகப் பழகாத புல்லிஸின் குதிரை மிரண்டு, கட்டறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. லெப்டினன்ட் தரையில் தனியாக நின்றார்.

திரும்பிப் பார்த்தது வார்டு. லெப்டினன்ட்டை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று கத்திக்கொண்டே குதிரையைத் திருப்பினார். ஒரு குண்டு அவர் துப்பாக்கியின் வாரை அறுத்தது. இன்னொன்று கட்டையைச் சிதறடித்தது. பெய்னும் ஃபேக்டரும் இரு பக்கமும் சுட்டுத் தடுக்க, வார்டு புல்லிஸைத் தன் பின்னால் ஏற்றிக்கொண்டார். நால்வரும் தப்பினார்கள்.

ஒரு மாதத்தில், மே 28 அன்று, மூவருக்கும் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான ‘மெடல் ஆஃப் ஹானர்’ அறிவிக்கப்பட்டது. முந்தைய ஆண்டு மெக்கென்ஸியின் படையோடு சென்று காட்டிய தீரத்துக்காக ஆடம் பெய்ன் என்ற இன்னொரு சாரணருக்கும் அதே ஆண்டில் அதே விருது. ஐம்பது பேர்கூட இல்லாத படையில் நான்கு மெடல்கள்.

*

அதே காலத்தில் அவர்கள் வீட்டில் அடுப்பெரியவில்லை.

தொடக்கத்தில் ராணுவம் எல்லாக் குடும்பங்களுக்கும் ரேஷன் கொடுத்தது. பிறகு, படையில் பதிந்தவருக்கு மட்டும்தான் என்று நிறுத்தியது. ஒருவருக்கு வந்த படியை அம்மா, மனைவி, பிள்ளைகள், கணவனை இழந்த அக்கா என்று ஒரு வீடே பங்கிட்டது. ஓடைக்கரை விளைச்சல் எல்லாருக்கும் போதவில்லை. சிலர் அடுத்தவர் மாட்டில் கைவைத்தார்கள். பிராக்கெட்வில் வெள்ளையர்களுக்கு அது போதுமான சாக்காக இருந்தது. ஓடைக்கரை மண்மேல் அவர்களுக்கும் கண் இருந்தது.

1873 இறுதியில் ஜான் ஹார்ஸும் கிப்பெட்ஸும் சான் அன்டோனியோவுக்குப் போய் அங்கிருந்த ராணுவ மேலதிகாரி ஜெனரல் ஆகரையே நேரில் பார்த்தார்கள். நிலம் எங்கே என்று கேட்டார்கள். ஆகர் காதுகொடுத்துக் கேட்டார். மேலே எழுதினார். மெக்கென்ஸி எழுதினார். புல்லிஸ் எழுதினார்.

பதில்கள் வந்தன. ராணுவம் சொன்னது: எங்களிடம் நிலம் இல்லை, பழங்குடி விவகாரத் துறையிடம்தான் கேட்க வேண்டும். பழங்குடி விவகாரத் துறை சொன்னது: இவர்கள் கறுப்பர்கள், பழங்குடியினர் இல்லை; செமினோல்களின் பட்டியல் 1866-லேயே மூடியாயிற்று.

அந்த ஆண்டில் செமினோல்கள் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தம் விசித்திரமானது. இந்தியர் பிரதேசத்தில் தங்கிவிட்ட கறுப்பு செமினோல்களை அது செமினோல் தேசத்தின் சம உரிமைக் குடிகளாக ஏற்றது. அடிமைத்தனத்துக்குப் பணியாமல் மெக்சிகோவுக்குப் போனவர்கள் அப்போது ஊரில் இல்லை. ஆகவே பட்டியலிலும் இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அங்கே இருந்தவர் செமினோல். இங்கே இருந்தவர் யாருமில்லை.

இத்தனைக்கும் ராணுவம் இவர்களைச் சம்பளப் பட்டியலில் எழுதிய பெயர் ‘செமினோல் நீக்ரோ இந்தியச் சாரணர்கள்’. சுடச் சொல்லும்போது இந்தியர். நிலம் கேட்டால் நீக்ரோ.

*

1876 மே மாதத்தில் ஓர் இரவு. கிளார்க் கோட்டை எல்லைக்குள் ஜான் ஹார்ஸும் இன்னொரு கறுப்பு செமினோலான டைட்டஸ் பெய்னும் போய்க்கொண்டிருந்தார்கள். இருட்டிலிருந்து குண்டுகள் பாய்ந்தன. டைட்டஸ் பெய்ன் அதே இடத்தில் இறந்தார். பலத்த காயம் பட்ட ஜான் ஹார்ஸை, தானும் காயம்பட்ட அவருடைய குதிரை சுமந்துகொண்டு வந்து குடியிருப்பில் சேர்த்தது. அந்தக் குதிரையின் பெயர் ‘அமெரிக்கன்’. சுட்டவர்கள் கிங் ஃபிஷர் என்ற கொள்ளையனின் ஆட்கள் என்று பரவலாகப் பேசினார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை.

அடுத்த அடி 1877 புத்தாண்டு நாளில் விழுந்தது. பிராக்கெட்வில்லில் கறுப்பு செமினோல்களின் புத்தாண்டு ஆட்டம். மெடல் வாங்கிய ஆடம் பெய்ன் அங்கே இருந்தார். தெற்கே ஒரு கத்திக்குத்து வழக்கில் தேடப்பட்டவர் அவர். அவரைப் பிடிக்க வந்த துணை ஷெரீஃப் கிளாரன் விண்டஸ் சுட்டுவிட்டார். அவ்வளவு அருகிலிருந்து சுட்டதில் பெய்னின் சட்டையில் தீப்பற்றியது என்கிறார்கள். விண்டஸும் ஒரு மெடல் ஆஃப் ஹானர்காரர். அந்த விருது பெற்ற ஒருவர் அதே விருது பெற்ற இன்னொருவரைக் கொன்ற கதை இது.

இந்தச் செய்தி பரவியதும் ஐந்து பேர் குதிரை ஏறினார்கள். அவர்களில் ஒருவர், பெக்கோஸ் கரையில் புல்லிஸைக் காப்பாற்றிய பாம்ப்பே ஃபேக்டர். ரியோ கிராண்டேயில் இறங்கியதும் குதிரைகளின் குளம்பில் ஒட்டியிருந்த டெக்சாஸ் புழுதியைக் கழுவிவிட்டு அக்கரை ஏறினார்கள் என்பது அவர்கள் வம்சத்தார் சொன்ன கதை.

சமூகம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி, சம்பளத்தையும் லாஸ் மோராஸ் வாய்க்காலையும் நம்பி அங்கேயே தங்கியது. ராணுவம் இருக்கும்வரை தங்களைக் கிளப்ப மாட்டார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். 1914 வரை அந்தக் கணக்கு தாங்கியது. அந்த ஆண்டில் நடந்ததை அதற்குரிய வாரத்தில் பார்ப்போம்.

இன்னொரு பாதி ஜான் ஹார்ஸின் பின்னால் மறுபடியும் நாசிமியெந்தோவுக்குத் திரும்பியது. அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. உடம்பெங்கும் ஆறிய காயங்கள். இனி ஒரு புதிய நிலம் தேட வயதில்லை. மெக்சிகோ முன்பு கொடுத்த வயல்தான் கடைசி நம்பிக்கை.

ஆனால் மெக்சிகோவும் மாறிவிட்டது. போர்ஃபிரியோ டியாஸ் ஆட்சிக்கு வந்தார். நிலத்துக்கு விலை ஏறியது. நாசிமியெந்தோ எங்களுடையது என்று சொல்லிக்கொண்டு வேறு ஆட்கள் கிளம்பினார்கள். எல்லையில் கொமாஞ்சே பயமும் குறைந்துகொண்டே வந்தது. காவல் தேவைப்படாத எல்லையில், காவலுக்காகக் கொடுத்த நிலத்தை மெக்சிகோ விட்டுவைக்குமா? 1882-ல் கிழவர் ஜான் ஹார்ஸ் இந்தக் கேள்வியோடு மெக்சிகோ நகரத்துக்குப் புறப்பட்டார். அவருக்குக் கிடைத்த பதில் அடுத்த வாரம்.